சிகாமட் கல்யாணமும் ஒரு வயர்லெஸ் செட்டும்

17 ஜூன் 2025, செவ்வாய்

மத்தியான ஷிப்ட். மனைவி ஜாக்லின் சிங்கப்பூர் வேலைக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிப் போன பிறகு வீட்டில் நான் மட்டும். கொப்பி ஆறிப்போகும்வரை கைப்பேசியில் கிட்டார் வயர்லெஸ் செட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வகை! எதை எடுப்பது என்று ஒன்றும் புரியவில்லை.

மூர்த்தி அண்ணன் நேற்று போனில் சொல்லிவிட்டார். "இனிமே என் மேடையில கிட்டார் கேபிள் தரையில ஓடக் கூடாது கால்வின். வயர்லெஸ் வாங்கு. இல்லன்னா உக்காந்து வாசி." அவர்தான் எங்கள் குழுவின் தலைவர், கீபோர்டும் அவரே. பதினெட்டு வருஷமாக என்னைக் கல்யாணம் கல்யாணமாகக் கூட்டிப்போகிறார். வாரம் முழுக்க செனாய் ஊர்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேர் பார்க்கிற ஆளாக நிற்பது அவரால்தான்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். ஞாயிறன்று சிகாமட்டில் ஒரு கல்யாண மதிய விருந்து. கச்சேரி எங்களுடையது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் பாடகி வாசுகி பாடிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தாள். என் கிட்டார் கேபிள் அவள் காலில் மாட்டியது. மேடையிலிருந்து கீழே விழுந்துவிட்டாள். மூன்றடி உயரம், கீழே சிமெண்டுத் தரை. வலது மணிக்கட்டு முறிந்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

கேபிளைத் தரையோடு சேர்த்துத் துணி டேப் ஒட்டுவது சவுண்டுக்காரன் ஐயாசாமியின் வேலை. அவன் ஒட்டவில்லை. அதனால்தான் இது நடந்தது.

19 ஜூன், வியாழன்

வாசுகிக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. அவள் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். வலது கை.

22 ஜூன், ஞாயிறு

தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய செட்டை இன்று சர்ச்சில் போட்டுப் பார்த்தேன். விரல் நீளத்தில் இரண்டு துண்டு. ஒன்றைக் கிட்டாரில் செருகு, இன்னொன்றை ஒலி பெருக்கும் ஆம்ப்பில் செருகு, அவ்வளவுதான். ஆராதனைக்கு முன்னால் காலி மண்டபத்தில் அருமையாக இருந்தது. கதவு வரை நடந்து போனேன், ஒரு பிசிறு இல்லை. ஜனங்கள் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. இரண்டாவது பாட்டில் ஓசை அறுந்து அறுந்து வந்தது. நான் திரும்பி நின்றால் போயே போய்விட்டது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சின்ன செட்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே பாதை. ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைப்பேசி. நூறு பேருக்கே இப்படி என்றால் அறுநூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில்? போதாக்குறைக்கு நம் உடம்பே அலையை மறைக்குமாம்.

வெளியே வந்தபோது யாரோ கேட்டார்கள். "அந்தச் சவுண்டுக்காரன் மேல ஒண்ணும் செய்யலியா? ஒரு பொம்பள கை போச்சே, அலமாக்!" பக்கத்தில் ஜாக்லின் நின்றாள். "பாவம், விடுங்க" என்றேன்.

பெருந்தன்மையாகச் சொன்ன மாதிரி அவர்கள் தலையாட்டினார்கள்.

28 ஜூன், சனி

17ஆம் தேதி எழுதியதை இன்று திருப்பிப் படித்தேன். பொய்.

இந்த நோட்டை நான் ஒருவன்தான் படிப்பேன். ஜாக்லின் தொடமாட்டாள். அப்படியிருந்தும் பொய்யாக எழுதி வைத்திருக்கிறேன். யாரை ஏமாற்ற?

ஐயாசாமி ஒட்டியிருந்தான். ஆம்ப்பிலிருந்து மேடையின் ஓரமாக, கோடு போட்ட மாதிரி, கறுப்புத் துணி டேப். எப்போதும் போலவே சுத்தமான வேலை. ஆனால் அப்படி ஒட்டினால் நான் ஆறடிக்கு மேல் நகர முடியாது. இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது பாட்டில் எனக்குத் தனியாக வாசிக்க இடம் வரும். அப்போது மேடை நுனிக்குப் போய், மாப்பிள்ளை பொண்ணுக்கு நேராக நின்று வாசிக்க வேண்டும் என்று ஆசை. போன மாதம் கூலாயில் அப்படிச் செய்தபோது இருபது பேர் கைப்பேசியைத் தூக்கினார்கள். நாற்பத்தைந்து வயசு எனக்கு.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவனும் போனான். நான் குனிந்து டேப்பைப் பிய்த்தேன். ஒரே இழுப்பில் பாதி வந்துவிட்டது. கேபிளைத் தளர்த்தி, மீதியை வளையமாக என் காலடியில் போட்டேன். வாசுகி நிற்கிற இடத்துக்கு ஒரு எட்டு தூரத்தில். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்து நிமிஷம் வாசிக்கப் போகிறோம், என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நான் முன்னால் நடந்தேன். கேபிள் இழுபட்டது. அவள் கால் உள்ளே இருந்தது. ஆக, அவளாக விழவில்லை. நான் இழுத்து விழுந்தாள்.

எல்லோரும் அவளைச் சுற்றி ஓடினார்கள். வாயில் ரத்தத்தோடு அவள் தரையில் கிடக்கிறாள், நான் என்ன செஞ்சேன்? கேபிளைச் சுருட்டினேன். அதில் தொங்கிக்கொண்டிருந்த டேப்பை உரித்து உருட்டிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. அந்தக் கையை நினைத்தால்தான்—

மூர்த்தி அண்ணன் கத்தினார். "டேப் ஒட்டலியாடா நீ?"

"ஒட்டினேன்ண்ணே... ஒட்டினேனே" என்றான் ஐயாசாமி. தரையைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை.

"கால்வின், நீ பாத்தியா?"

"இருந்த மாதிரி தெரியலண்ணே."

மூன்று வார்த்தை.

5 ஜூலை, சனி

ஜொகூர் பாருவில் இசைக்கருவிக் கடை. கடைக்காரச் சீனர் பொறுமையான ஆள். என் கிட்டாரையே வாங்கி மூன்று வகையிலும் மாட்டிக் காட்டினார். சின்னத் துண்டு வகையை நானே வேண்டாம் என்றுவிட்டேன். 5.8 கிகாஹெர்ட்ஸ் வகையில் நெரிசல் குறைவு, ஆனால் தூரம் போனால், நடுவில் ஆள் நின்றால், சோர்ந்துவிடும். மூன்றாவது யு.எச்.எஃப். இடுப்பில் மாட்டும் சிறு பெட்டி, இரண்டு ஆண்டெனா வைத்த இன்னொரு பெட்டி. பாடகர்களின் வயர்லெஸ் மைக் ஓடுகிற அதே பாதை.

அதை மாட்டி வாசித்தபோது ஒரு கணம் எல்லாம் மறந்துவிட்டது. என் கிட்டாரா இது? நீளமான கேபிள் இத்தனை வருஷமாக மேல் ஓசையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கடைக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வாசித்துக்கொண்டே நடந்தேன். வாய் சிரித்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

ஐந்தாறு வருஷமாக இந்த மாதிரி ஒரு செட் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது வாங்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். வாசுகியின் கை முறிந்ததற்கு எனக்கு ஒரு பரிசு.

வாங்கவில்லை. கடைக்காரர்தான் தடுத்தார். "உங்க சிங்கர் மைக் எல்லாம் எந்த அலைவரிசைல ஓடுது, தெரியுமா? ரெண்டும் இடிச்சா ரெண்டும் கெடும். உங்க சவுண்ட் ஆள் கிட்ட கேட்டுட்டு வாங்க லா."

எங்கள் சவுண்ட் ஆள்.

6 ஜூலை, ஞாயிறு

அவன் நம்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். வைத்துவிட்டேன்.

12 ஜூலை, சனி

ஐயாசாமியைத் தேடி அவன் ஊர் பெக்கான் நானாஸ் போய் வந்தேன். போனில் கூப்பிடாமல் நேரே போனேன். கூப்பிட்டால் போகமாட்டேன் என்று தெரியும்.

ஐயாசாமி வீட்டில் இல்லை. வேன் மட்டும் நின்றது, ஸ்பீக்கர்களோடு, மேலே தார்ப்பாய் போட்டு. அவன் மனைவி சாந்தினி வழி சொன்னாள். அவள் அண்ணனுடைய அன்னாசிக் கடை, பெரிய ரோட்டோரம். அங்கே கையுறை போட்டுக்கொண்டு பழம் சீவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே! வாங்க வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் சந்தோஷப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. குழுவிலிருந்து அவனைத் தேடிவந்த முதல் ஆள் நான்.

"இங்கதான் இப்ப. மூர்த்தி அண்ணன் என்ன நிறுத்திட்டு, மத்த குழுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டாரு போல. ஆடிக்கு முன்னால ரெண்டு புரோகிராம் இருந்துச்சு, ரெண்டும் வேற ஆளுக்குப் போயிருச்சு. பரவால்லண்ணே, உக்காருங்க."

வயர்லெஸ் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகமே மாறிவிட்டது. அன்னாசி அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்ட ஆரம்பித்தான். வாசுகி மைக், மூர்த்தி அண்ணன் மைக், அறிவிப்பாளர் மைக், ஒவ்வொன்றும் எங்கே ஓடுகிறது, நடுவில் எங்கே இடம் இருக்கிறது என்று.

"யு.எச்.எஃப்தான் எடுக்கணும். ஆனா மலிவா இருக்குன்னு பழைய செட் எடுத்துறாதீங்க. அந்த மேல் அலைவரிசையெல்லாம் இப்ப போன் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க, நமக்கு ஆகாது. அப்புறம், உள்ளயே சார்ஜ் ஆகுற பேட்டரி வேணாம். அது செத்துச்சுன்னா செட்டே குப்பை. பேட்டரி மாத்துற மாதிரி பாத்து எடுங்க, ஒவ்வொரு புரோகிராமுக்கும் புதுசு போடுங்க. சிக்னல் வாங்குற பெட்டிய ஆம்ப் பின்னால ஒளிச்சு வைக்காதீங்க. உங்கள நேரா பாக்குற மாதிரி உசரத்துல வைக்கணும்."

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

அவன்தான் முந்திக்கொண்டான். "அண்ணே, ஒண்ணு கேக்கவா? நான் ஒட்டினதா எனக்கு ஞாபகம். குனிஞ்சது, கிழிச்சது, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னிக்கா, இல்ல அதுக்கு முந்தின மாசம் கூலாய்லயான்னு இப்ப குழப்பமா இருக்கு. எல்லாரும் இல்லங்கறாங்க. நீங்களே பாக்கலன்னு சொன்னீங்க. அப்ப நான் மறந்துதானே இருக்கணும்? வாசுகி அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேண்ணே. கதவ சாத்திட்டாங்க."

நான் என்ன சொன்னேன்? "விடு ஐயாசாமி" என்றேன்.

விடு. அவனுக்கு நான் பெருந்தன்மை காட்டுகிறேன்! இரண்டு பழம் சீவிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். காரில் வைத்தேன். கூலாய் வரும்வரை கார் முழுக்க அந்த வாசனை. வீட்டில் ஜாக்லின் சாப்பிட்டாள். நான் தொடவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

ஜாக்லின் பிடிவாதமாக வாசுகியைப் பார்க்கக் கூட்டிப்போனாள். ஒரு மாதமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தேன்.

தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. வாசுகி இடது கையால் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பல்லை மறைத்துக்கொண்டு பேசுகிறாள். சிரிக்கும்போது கை வாய்க்குப் போகிறது. முன்பெல்லாம் மேடையில் அப்படிச் சிரிப்பாள், மண்டபத்தின் கடைசி வரிசை வரை தெரியும்.

"தீபாவளிக்கு முப்பது ரவிக்கைக்கு மேல கேட்டிருக்காங்க அக்கா" என்று ஜாக்லினிடம் சொன்னாள். "கட்டுப் பிரிச்சதும் தச்சிரலாம்னு சொல்லி வச்சிருக்கேன். பயமாத்தான் இருக்கு."

பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, அந்த ஐயாசாமி திரும்ப வந்தா நான் மேடை ஏறமாட்டேன். மூர்த்தி அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன். அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் கையி வலிக்குது."

நான் மைலோவைக் குடித்தேன். முழுவதும் குடித்து முடித்தேன்.

27 ஜூலை, ஞாயிறு

செட் வாங்கியாகிவிட்டது. ஐயாசாமி அட்டையில் எழுதிக் கொடுத்ததைக் கடைக்காரரிடம் காட்டினேன். "இந்த ஆள் வேலை தெரிஞ்சவன்" என்றார்.

இன்று கூலாயில் ஒரு மண்டபம் காலியாக இருந்தது. தெரிந்த மேலாளரிடம் ஐயாசாமியே கேட்டு வாங்கி, வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நான் கேட்கவில்லை. "சும்மா வீட்ல கெடக்குதுண்ணே, ஓடினா நல்லதுதான்" என்றான். மடிக்கணினியில் சிறிய ஆண்டெனா ஒன்றை மாட்டி, மண்டபத்துக் காற்றில் எந்தெந்த அலைவரிசையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று தேடினான். மைக்குகளை எல்லாம் முடுக்கிவிட்டு, கடைசியில் எனக்கு ஒரு இடம் ஒதுக்கினான். "இது உங்களோடது. வேற யாருக்கும் தரமாட்டேன்."

"நடங்கண்ணே, வாசிச்சுக்கிட்டே நடங்க."

நடந்தேன். மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவில், கைகழுவும் இடம் வரை. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. திரும்பினேன், சுற்றினேன், தூணுக்குப் பின்னால் நின்றேன். ஓசை என்கூடவே வந்தது. அவன் அங்கே மிக்ஸருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கட்டைவிரல் காட்டினான்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேடைக்குத் திரும்பி நடக்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். அருகே போனேன். "ஐயாசாமி" என்றேன்.

"சொல்லுங்கண்ணே."

"பசிக்குதா? சாப்பிடப் போலாமா?"

4 ஆகஸ்ட், திங்கள்

வாசுகிக்குக் கட்டுப் பிரித்து ஒரு வாரம். மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லையாம். தீபாவளித் துணிகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஜாக்லின் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய்க் காரணமில்லாமல் குழாயைத் திறந்து விட்டேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஐயாசாமி கூப்பிட்டான். 24ஆம் தேதி, ஆடி முடிந்து எங்களுடைய முதல் கச்சேரி. மூர்த்தி அண்ணன் வேறு சவுண்டு கம்பெனி பேசிவிட்டாராம்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு. தப்பு என் மேலதான், நான் ஒத்துக்கறேன். இனிமே ரெண்டு தடவ பாப்பேன், போட்டோ எடுத்து வச்சுக்குவேன். உங்கள விட்டா எனக்குப் பேசறதுக்கு வேற ஆளு இல்லண்ணே."

பேசுகிறேன் என்றேன்.

அவன் ஒத்துக்கொள்கிறான். செய்யாததை ஒத்துக்கொள்கிறான். டேய் கால்வின், நீ மனுஷனாடா?

6 ஆகஸ்ட், புதன்

விடுப்பு எடுத்தேன். ஜாக்லினுக்கும் இன்று ஓய்வு நாள். காலைப் பசியாறிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். டேப்பைப் பிய்த்தது, பாக்கெட்டில் போட்டது, வீட்டுக்கு வந்து குப்பையில் போட்டது வரைக்கும்.

கத்துவாள் என்று நினைத்தேன். ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு சர்ச்ல, பாவம் விடுங்கன்னு சொன்னீங்களே," என்றாள். "எவ்ளோ நல்ல மனுஷன்னு நெனச்சேன். அதுவும் இந்தப் பொய்யில சேந்ததுதான்."

பிறகு, "எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு மொதல்ல எங்கிட்ட?"

சொல்லிப் பழகிக்கொள்ளத்தான் போலிருக்கிறது. ஒருமுறை சொல்லிப் பார்த்தால் அடுத்த முறை வாய் வரும் என்று.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மூர்த்தி அண்ணன் வீடு. காலை பதினொரு மணி. எல்லோரையும் நான்தான் வரச் சொன்னேன். ஐயாசாமி வந்தால் தான் வரமாட்டேன் என்றாள் வாசுகி. ஜாக்லின்தான் பேசிக் கூட்டிவந்தாள். ஐயாசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்காகப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன் என்று பயம். "ஐயாசாமி டேப் ஒட்டியிருந்தான். இடைவேளையில நான் பிச்சேன். முன்னால போய் வாசிக்கணும்னு. வாசுகி விழுந்ததுக்கப்புறம் டேப்ப நானே எடுத்து மறைச்சேன். மூர்த்தி அண்ணன் கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவ்வளவுதான். எட்டு வாரம் தொண்டையில் கிடந்தது, சொல்ல அரை நிமிஷம் ஆகவில்லை.

முதலில் பேசியது ஐயாசாமி. என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் ஒட்டினேன்" என்றான்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் ஒட்டினேன்." வாசுகி பக்கம் திரும்பினான். "அக்கா, நான் ஒட்டினேங்க்கா. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சாந்தினிகிட்ட கூட மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்... எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். மூளையில ஏதோ... நான் ஒட்டினேன்." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். என் மேல் கோபப்படுவான் என்று தயாராக இருந்தேன். அவன் அழுதது என்னால் அல்ல. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததால். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசுகி வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்திருந்தாள். "என் வீட்டுக்கு வந்தீங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை. "என் கையப் பாத்தீங்க. மைலோ குடிச்சீங்க. அவன் மூஞ்சியப் பாத்தா வலிக்குதுன்னு உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்."

"வாசுகி, நான்—"

"நான் பாடிக்கிட்டிருந்தேண்ணே. என் பாட்டு அது. அந்த அஞ்சு நிமிஷம் கூட உங்களப் பாக்கணும், அப்படித்தானே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அதுதான் உண்மை. அவள் ஐயாசாமியிடம் போய், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். "கதவ சாத்தினேன்ல அன்னிக்கு. மன்னிச்சிரு தம்பி" என்றாள். என் பக்கம் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

மூர்த்தி அண்ணன் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பதினெட்டு வருஷம்டா" என்றார். பிறகு, "நீ கெளம்பு கால்வின்."

வயர்லெஸ் செட்டைக் கொண்டுபோயிருந்தேன். மேசை மேல் வைத்தேன். "அதையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

"இருக்கட்டும்ண்ணே" என்றான் ஐயாசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்காரன் குரலில். "வேற யாராவது வாசிப்பாங்க. அந்த அலைவரிசை நான் பாத்து ஒதுக்கினது. மத்த மைக்கோட இடிக்காது."

ஜாக்லின் காரில் ஏறிக்கொண்டாள். கூலாய் மார்க்கெட் தாண்டும்போது அவள் கை என் தோளில் ஒரு தடவை பட்டது. வேண்டுமென்றேவா, தவறிப்போயா, தெரியவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

ஜொகூர் இசைக்குழுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் குரலிலேயே பதிவு செய்து போட்டேன். பெயர் சொல்லி, நடந்ததைச் சொல்லி, ஐயாசாமி மேல் எந்தத் தப்பும் இல்லை என்று. நூற்றுக்கு மேல் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பதில் போட்டது மூன்று பேர். அதில் ஒருவர் கேட்டது: "இத இப்பதான் சொல்றியா?"

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அவர்களுக்குக் கச்சேரி. நான் காரைக் கழுவினேன். பிறகு இன்னொரு தடவை கழுவினேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

வாசுகியை வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போக நான் வருகிறேன் என்று ஜாக்லினை விட்டுக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: "நீங்க வாங்கக்கா. அண்ணன் வேணாம்." ஜாக்லின் தன் ஓய்வு நாளை மாற்றிக்கொண்டு போகிறாள். நான் வீட்டுவேலையும் சமையலும் பார்க்கிறேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். செய்தேன் என்று மனசு ஆறவும் இல்லை. ஆறக் கூடாதுதான்.

சர்ச்சிலும் வாசிக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

பத்து ரவிக்கை மட்டும் தைத்துக் கொடுத்தாளாம் தீபாவளிக்கு. வெட்டியது அவள் அக்கா, தைத்தது இவள். பல் கட்டியாகிவிட்டது. ஜாக்லின் சொல்லித்தான் தெரியும்.

23 நவம்பர், ஞாயிறு

தொழிற்சாலையில் என்கூட வேலை செய்கிற தங்கராஜு மகளுக்குக் கல்யாணம். கூலாயில் மதிய விருந்து. போகாமல் இருக்க முடியாது. மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் மேடையில் யார் என்று பார்த்தேன். மூர்த்தி அண்ணன் கீபோர்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று நின்றேன். ஜாக்லின், "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அவங்க பொண்ணு கல்யாணம்" என்றாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்திலேயே சவுண்டு மேசை என்று அப்புறம்தான் கவனித்தேன். ஐயாசாமி என்னைப் பார்த்தான். தலையாட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தான்.

வாசுகி வந்தாள். இடது கையில் மைக். முதல் பாட்டு எடுத்ததும் மண்டபம் அடங்கியது. என் இடத்தில் ரூபேந்திரன் என்று ஒரு புதுப் பையன், முப்பது வயசிருக்கும், இடுப்பில் அந்தப் பெட்டி. நன்றாக வாசிக்கிறான். அவளுக்கு இடம் விட்டு, இரண்டடி பின்னால் நின்றே வாசிக்கிறான். எங்கு வேண்டுமானாலும் போகலாம் அவன். போகவில்லை.

ஒரு தடவைகூட ஓசை அறுபடவில்லை. அறுநூறு கைப்பேசிக்கு நடுவில். அந்த யு.எச்.எஃப் தேர்வு சரிதான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஐயாசாமி என் பக்கம் சற்றுச் சாய்ந்தான். கண் மேடையில்தான் இருந்தது.

"கிட்டார் கம்மியா இருக்கா?"

என்னிடம்தான் கேட்கிறான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. முன்பு எப்போதும் சேர்த்துச் சொல்கிற 'அண்ணே' இல்லை.

"கொஞ்சம் கம்மிதான்" என்றேன்.

ஒரு விரலால் ஏற்றினான். "இப்ப?"

காது கொடுத்துக் கேட்டேன். வாசுகியின் குரலுக்குக் கீழே, அதை மறைக்காமல், கிட்டார் வந்து உட்கார்ந்தது.

"இப்ப சரி."

அவன் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மைக்குக்குப் போனான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் கச்சேரி முடியும்வரை எழவில்லை.